உண்டியலில் விழுவது யார் காசு?

(திருப்பதியில் நடந்த நமது சங்கக் குடும்ப விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"குழந்தைகளும் பணமும்" என்று தலைப்புக் கொடுத்து, இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் அன்போடு எச்சரித்திருக்கிறார். முப்பத்தாறு வருஷம் பாங்கில் உட்கார்ந்து ஊரார் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் என்பதைத் தவிர இதைப் பற்றிப் பேச எனக்கு வேறு யோக்யதை கிடையாது. சித்தூரில் பிறந்து வளர்ந்து, உத்தியோகத்தில் பல ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் திருப்பதிக்கு வந்து சேர்ந்தவன். 2022-ல் இந்த இரண்டு ஊரையும் இரண்டு ஜில்லாவாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கென்னவோ இன்னமும் ஒரே ஊராகத்தான் இருக்கிறது.

திருப்பதியில் வளரும் குழந்தைக்குப் பணத்தைப் பற்றிய முதல் பாடம் அகத்தில் நாம் சொல்லித் தருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் செய்துகொள்ள ஸ்ரீநிவாஸன் குபேரனிடம் கடன் வாங்கினான், இன்று வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான் என்ற கதை தெரியாத குழந்தை இந்த ஊரில் இல்லை. தெலுங்கில் "வட்டிகாசுலவாடு" என்றே பெருமாளுக்குப் பெயர். "பெருமாளுக்கே கடனா, தாத்தா?" என்று என் பேரன் ஐந்து வயதில் கேட்டான். பல வீடுகளில் இந்தக் கேள்விக்கு "அபசாரம், அப்படியெல்லாம் பேசாதே" என்று பதில் வரும். எனக்கு அது அருமையான கேள்வியாகப் பட்டது. கதையைக் கவனியுங்கள். கடன் வாங்குகிறவன் இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்குகிறான். பத்திரம் எழுதப்படுகிறது. பிரம்மாவும் சிவனும் சாட்சி. தவணை தவறாமல் வட்டி போகிறது. எங்கள் பாங்கில் கடன் கேட்டு வந்தவர்களில் இவ்வளவு ஒழுங்காக வந்தவர்கள் குறைவு. அதே கதையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சக்திக்கு மீறிக் கல்யாணச் செலவு செய்தால் பெருமாளாலேயே அசலை அடைக்க முடியவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது உண்டியலுக்கு வருகிறேன். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் குழந்தை கையில் கொடுப்பார். குழந்தையைத் தூக்கிப் பிடிப்பார். "போடு கண்ணா, கோவிந்தா சொல்லு." குழந்தை போடும். அம்மாவுக்கு ஆனந்தம். நாம் எல்லோரும் செய்திருக்கிறோம், தப்பு என்று சொல்ல வரவில்லை. பக்திக்கு அது நல்ல பழக்கம். ஆனால் "என் குழந்தைக்குக் கொடுக்கும் குணம் வந்துவிட்டது" என்று அதை வைத்துச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அந்த நோட்டு குழந்தையுடையது இல்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் வழியில் அரை நிமிஷம் அதன் விரலில் தங்கியது, அவ்வளவுதான். போட்ட பிறகு குழந்தைக்கு எதுவும் குறையவில்லை. வெளியே வந்ததும் பலூன் கேட்டால் பலூனும் கிடைக்கும்.

என் தாயார் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அகத்தில் யாருக்காவது ஜுரம் வந்து இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால், மஞ்சள் தடவிய துணியில் ஒரு காசை முடிந்து ஸ்வாமி அலமாரியில் வைத்துவிடுவாள். எங்கள் குலதெய்வம் வேங்கடாசலபதி. ஜுரம் இறங்கின பிறகும் அந்த முடிச்சு அங்கேயே இருக்கும். அடுத்து எப்போது மலைக்குப் போகிறோமோ அப்போதுதான் இடம் விட்டு நகரும். மாசக் கடைசியில் காபிப்பொடி வாங்க முடியாத நாள்களில்கூட அதில் கை வைத்தது கிடையாது. "அது நம்ம காசு இல்லேடா" என்பாள். எதிரே, நம் அலமாரியில், நம் துணியில் இருக்கிறது. ஆனால் நம்முடையது இல்லை. ஏழு வயதில் எனக்கு அது பெரிய ஆச்சரியம். பிற்பாடு பாங்கில் வரவு செலவு படிவங்களில் தனி நிதி, ஒதுக்கீடு என்று பார்த்தபோது எதுவும் புதிதாகத் தெரியவில்லை. அம்மா எஸ்.எஸ்.எல்.சி. கூடப் படித்தவள் இல்லை.

ரிடையர் ஆன பிறகு பரகாமணி சேவைக்குப் போனேன். உண்டியலில் சேர்ந்ததை எண்ணும் இடம் பரகாமணி. அரசு உத்தியோகஸ்தர்கள், பாங்குக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று தன்னார்வமாக வருகிறவர்களுக்கு அங்கே வேலை உண்டு. பையே இல்லாத உடையோடு உள்ளே போக வேண்டும். முன்பு கோயிலுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 2023 முதல் வெளியே தனிக் கட்டடம். பெரிய பெரிய நோட்டுக் கட்டுகளைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அது பழகிப்போன விஷயம். நடுநடுவே மஞ்சள் துணி முடிச்சுகள் வரும். அவிழ்த்தால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், சில சமயம் செல்லாத பழைய நாணயம். எந்த ஊரில் யார் வீட்டு ஜுரமோ. எத்தனை வருஷம் அலமாரியில் காத்திருந்ததோ. அவற்றை மட்டும் கொஞ்சம் நிதானமாக அவிழ்ப்பேன். பக்கத்திலிருந்த ஒரு ரயில்வே நண்பர், "சார், உங்க ஸ்பீடு குறையறது" என்று சொன்னார்.

குழந்தைகளுக்குப் பணத்தைச் சொல்லித் தருவது என்றால் சேமிப்பு ஒரு பாடம், தர்மம் வேறொரு பாடம் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். முதலாவதை அப்பா பார்த்துக்கொள்கிறார், இரண்டாவதைப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள். திருமலைக் கோயில் சுவர்களைப் படித்தவர்கள் அப்படிப் பிரிக்க மாட்டார்கள். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை தமிழில். தேவஸ்தானத்தின் கல்வெட்டு ஆராய்ச்சியாளராக இருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் பாடுபட்டு அவற்றைப் படித்து வெளிக்கொண்டு வந்தார்கள். விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன், குழந்தைகளும் கேளுங்கள்.

ஒருவர் பெருமாளுக்குத் தினமும் ஒரு தளிகை நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தில் அரிசி வாங்கி உடனே சமைத்துவிடவில்லை. கோயிலுக்குச் சொந்தமான கிராமத்தில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அதைப் போட்டார்கள். தண்ணீர் வந்தது, விளைச்சல் கூடியது. கூடுதலாக வந்த அந்த விளைச்சலிலிருந்து தினசரித் தளிகை. ஏரி இருக்கும் வரை தளிகை உண்டு, விவசாயிக்கும் தண்ணீர் உண்டு. ஸ்வாமிக்கு நிவேதனம் ஆன பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு பணம் கட்டியவருக்குச் சேரும். அதற்குப் பெயர் "விட்டவன் விழுக்காடு". விட்டவன் என்றால் கொடையாக விட்டவன். இன்று தமிழ்ப் பத்திரிகைகளில் சதவீதத்துக்கு எழுதுகிறார்களே விழுக்காடு, அதே வார்த்தைதான். அந்தக் கால் பங்கையும் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல், யாத்ரிகர்களுக்கு அன்னமிட்ட ராமானுஜ கூடங்களுக்கு எழுதி வைத்தவர்கள் உண்டு. சாளுவ நரசிம்மர் காலத்தில் அந்தக் கூடத்தைக் கந்தாடை ராமானுஜ ஐயங்கார் நிர்வகித்தார்.

அசல், முதலீடு, வருமானம், அதில் நம் பங்கு, அந்தப் பங்கிலும் பிறருக்கு ஒரு பங்கு. ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய கல்லில் பொருளாதாரப் பாடம் முழுவதும் இருக்கிறது. இதைப் பேரனுக்குப் புளியங்கொட்டை வைத்துச் சொன்னேன். நூறு கொட்டை அசல். வருஷத்துக்கு ஆறு கொட்டை வட்டி. ஆறைத் தின்னலாம், நூறைத் தொடக்கூடாது. ஆறையும் தொடாமல் விட்டால் எப்போது இருநூறு ஆகும்? 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் ஏறக்குறைய வருஷக் கணக்கு வந்துவிடும், பன்னிரண்டு வருஷம். குழந்தைக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. பார்த்ததற்கெல்லாம் 72-ஐ வகுத்துக்கொண்டிருந்தான்.

இன்று மலையில் நடக்கும் அன்னப்பிரசாதமும் அதே வழிதான். 1985-ல் என்.டி. ராமாராவ் முதலமைச்சராக இருந்தபோது நித்ய அன்னதானத் திட்டம் தொடங்கியது. வரும் நன்கொடைகளை வங்கிகளில் வைப்பாக வைத்து, வட்டியைச் செலவுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 2011-ல் திறந்த பெரிய அன்னக்கூடத்துக்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரை வைத்தார்கள். நம் பழைய சித்தூர் ஜில்லாவின் தரிகொண்டாவில் 1730-ல் பிறந்தவர், பால்யத்திலேயே கணவரை இழந்தவர், கவிதை எழுதினவர். ஊரில் இருந்த கெடுபிடி தாங்காமல் மலைக்கு வந்து, அங்கே யாத்ரிகர்களுக்குச் சோறும் தண்ணீரும் கிடைக்க ஏற்பாடு செய்தார். கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண்மணி. பணம் இருப்பவன்தான் கொடுக்க முடியும் என்று பேசுகிறவர்கள் சாப்பிட உட்காரும்போது அந்தப் பெயர்ப்பலகையை ஒரு தடவை படிக்கலாம்.

சித்தூருக்கு வருகிறேன். என் தகப்பனார் 1930-களில் சித்தூரில் ஹைஸ்கூல் படித்தவர். கிராமத்திலிருந்து வந்த ஏழைப் பையன். வாரச் சாப்பாடு. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும்: ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு, திங்கட்கிழமை இன்னொரு வீடு என்று வாரத்துக்கு ஏழு வீட்டில் சாப்பிட்டுப் படிப்பது. அந்த ஏழு வீட்டையும் அப்பா நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஞாயிறு வக்கீல் அகம். திங்கள் தபால் ஆபீஸ் குமாஸ்தா. செவ்வாய் குருக்கள் அகம். இப்படியே போகும். வியாழக்கிழமைக்கு எதிரே "அப்பளாத்துப் பாட்டி" என்று இருக்கும். கணவன் இல்லாமல், அப்பளம் இட்டு விற்று ஜீவனம் செய்தவள். வக்கீல் அகத்தில் கூடத்து ஓரத்தில் தனியாக இலை போடுவார்களாம். பாட்டி அகத்தில் அவள் சாப்பிடுவதற்கு முன்னால் இவருக்குப் போட்டுவிட்டு, தனக்கு இருக்கிறதா என்று பிறகு பார்ப்பாளாம்.

எட்டாவதாக ஒரு பெயரும் உண்டு. வெல்லமண்டி நாயுடு. சித்தூர் வெல்லத்துக்குப் பெயர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி இறுதிப் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட முடியாமல் அப்பா மண்டி வாசலில் நின்றபோது, ஊர், குலம் எதுவும் கேட்காமல் முழுத் தொகையையும் எடுத்துக் கொடுத்தவர்.

அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்ததும், 1960-ல் திருத்தணி நம் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துக்குப் போனதும் அவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நடந்தவை. முதல் சம்பளத்திலிருந்து பாட்டிக்கு மாசம் இரண்டு ரூபாய் மணியார்டர், அவள் காலமாகிற வரை. மற்ற வீடுகளில் சிலர் மதராஸ் போய்விட்டார்கள், சிலர் வசதியாக இருந்தார்கள், அவர்களுக்கு இவர் என்ன திருப்புவது? அதற்குப் பதிலாக எங்கள் அகத்தில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஒரு மாணவனுக்குச் சாப்பாடு. அந்த இரண்டு நாளும் எங்களுக்குத் தயிர் கிடையாது, மோர்தான். நான்கு பேருக்கு உறைகுத்திய பாலில் ஐந்தாவது ஆள் வந்தால் வேறென்ன ஆகும்? என் தங்கை ஒருநாள், "நம்ம தயிரை அந்த அண்ணாவுக்கு ஏன் போடணும்?" என்று அந்தப் பையன் காது கேட்கவே கேட்டுவிட்டாள். அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அப்பா அவளைக் கோபிக்கவில்லை. பையன் போன பிறகு நீல நோட்டை எடுத்து வந்து அவளையே உரக்கப் படிக்கச் சொன்னார். ஞாயிறு தொடங்கிச் சனி வரை படித்தாள். "இதெல்லாம் யாரு?" என்றாள். "நான் யார் தயிரைச் சாப்பிட்டேன்னு எழுதி வெச்சிருக்கேன்" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாயுடுகாருவிடம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னொரு பையனுக்குக் கட்டிவிடு" என்று சொல்லிவிட்டாராம். அப்பா வருஷா வருஷம் தம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டினார். பையன் யார், எந்த ஜாதி என்பதை ஹெட்மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டதே கிடையாது. கேட்டுக் கொடுத்தால் அது நாயுடுகாரு கொடுத்த மாதிரி ஆகாதே என்பது அவர் வாதம்.

நம் பக்கத்துப் பிள்ளை ஒருவரையும் நினைத்துக்கொள்ளலாம். 1888-ல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் சிறுவயதில் படித்தது இந்தத் திருப்பதியில், ஒரு லூதரன் மிஷன் பள்ளிக்கூடத்தில். படிப்பு நெடுக உதவித்தொகை. அவர் தத்துவம் எடுத்துப் படித்ததற்குக்கூட, அந்தப் பாடத்தை முடித்த உறவுக்காரர் ஒருவர் தம் புஸ்தகங்களைக் கொடுத்ததுதான் காரணம், வேறு பாடத்துக்குப் புஸ்தகம் வாங்க வசதியில்லை என்று சொல்வார்கள். ஒரு பெட்டி பழைய புஸ்தகம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இது போதும். வருஷ முடிவில் குழந்தைகளின் பாடப் புஸ்தகங்களைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிற தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது சித்தூர் நாகையாவை விட்டுவிட்டுப் பேசினால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். 1904-ல் குண்டூர்ப் பக்கம் பிறந்தவர், சித்தூர் ராமவிலாஸ சபா நாடகங்களில் புகழ் பெற்று ஊர்ப் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். பக்த போதனா, 1946-ல் தியாகய்யா. எம்.எஸ். அம்மாவோடு மீராவில் ராணாவாக நடித்தவர் அவர்தான். உச்சத்தில் இருந்தபோது சம்பாதித்ததையெல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். அவர் வீட்டில் எந்நேரமும் பந்தி. சொந்தப் படம் எடுத்ததிலும் கை சுட்டது. கடைசிக் காலத்தில் சின்னச் சின்ன வேஷங்களுக்குப் போய், 1973-ல் கஷ்ட தசையில்தான் காலமானார். சென்னை பனகல் பார்க்கில் சிலை இருக்கிறது.

அவர் மனசு தெய்வ மனசு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் குழந்தைக்கு அவர் கதையைச் சொல்லும்போது பாதியில் நிறுத்தக்கூடாது. "அள்ளிக் கொடுத்தார்" என்பதோடு நிறுத்தினால் அது புராணம். கொடுத்தவருக்கு ஒரு தேவை வந்தபோது என்ன மிஞ்சியிருந்தது, வாங்கிச் சாப்பிட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏரி வெட்டிவிட்டுத் தளிகை நடத்தியவர்கள் ஒரு பக்கம், விதைநெல்லையும் சேர்த்துப் பொங்கிப் போட்டவர் ஒரு பக்கம். என் பேத்திக்கு எட்டாம் வகுப்பில் இரண்டையும் சொல்லிவிட்டு, "உனக்கு யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டேன். "நாகையாவைப் பிடிக்கிறது, ஆனா அவராத்துல நான் பொறந்திருந்தா கணக்கு நான் பாத்துப்பேன்" என்றாள். இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

இன்றைய சங்கடம் என்னவென்றால், குழந்தைகள் பணத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. எங்கள் காலத்தில் அப்பா சம்பளக் கவரை ஸ்வாமி முன்னால் வைப்பார், எண்ணுவார், பால்காரருக்கு, வாடகைக்கு என்று பிரிப்பார், மெலிந்துபோகும் கவர் எங்கள் கண்ணெதிரே இருக்கும். இப்போது போனைக் காட்டினால் ஒரு சத்தம் வருகிறது, சாமான் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சத்தம் போட்டதும் ஏதோ குறைகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? உண்டியலுக்கும் அதே கதி, இ-ஹுண்டி வந்தாகிவிட்டது.

ஆகவே குழந்தைக்குச் சொந்தமாக ஒரு தொகை வேண்டும். சின்னத் தொகை போதும், ஆனால் ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. பரீட்சையில் மார்க் வாங்கினால் கூட்டுவது, குறும்பு செய்தால் வெட்டுவது எல்லாம் வேண்டாம், அது கூலி ஆகிவிடும். ஒரு நோட்டு, இரண்டு பக்கம், வரவு, செலவு. மாசக் கடைசியில் கையிருப்பும் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். பத்து ரூபாய் உதைத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தேட வேண்டும், அப்பா தம் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டக் கூடாது. 1970-களில் பள்ளிக்கூடங்களில் சஞ்சாயிகா என்று இருந்தது நினைவிருக்கிறதா? பிள்ளைகளே காஷியர், பிள்ளைகளே மானேஜர். எங்கள் கிளைக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பணம் கட்ட வருவான். என்னைவிட அவனுக்கு முகத்தில் அதிக கடுமை இருக்கும். பத்து வயது நிறைந்த குழந்தைகள் தாங்களே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்த 2014-ல் ரிசர்வ் வங்கி வழி செய்தது, 2025-ல் அதை மறுபடியும் தெளிவாக்கியிருக்கிறது. இருப்புக்கு மேல் ஒரு பைசா எடுக்க முடியாது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. கூட அழைத்துப் போங்கள், பாரத்தை மட்டும் நீங்கள் நிரப்பாதீர்கள்.

அந்தச் சின்னத் தொகையிலிருந்து மஞ்சள் துணிக்கு ஒரு பங்கு. முதலிலேயே எடுத்து முடிந்துவிட வேண்டும். மிஞ்சினால் கொடுக்கலாம் என்று விட்டால் மிஞ்சாது, பெரியவர்களுக்கே மிஞ்சுவதில்லை. யாருக்கு என்பதைக் குழந்தையே தீர்மானிக்கட்டும். என் பேரன் முதல் வருஷம் தெரு நாய்க்கு ரொட்டி வாங்கினான். அவன் அம்மாவுக்கு, அதாவது என் மாட்டுப்பெண்ணுக்கு, கோயிலுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு வருத்தம். இருக்கட்டும் அம்மா, அவன் ஐஸ்கிரீமை விட்டுக்கொடுத்து வாங்கிய ரொட்டி அது என்றேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்காது, சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். பிறந்த நாளன்று குழந்தையை அனாதை இல்லத்துக்கு அழைத்துப் போய், அங்குள்ள பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாட்டுப் பாட வைத்து, கேக் வெட்டி, போட்டோ எடுக்கிறோம். அந்த வரிசையில் நிற்கும் பிள்ளையின் இடத்தில் என் அப்பாவை வைத்துப் பார்க்கிறேன், கூடத்து ஓரத்தில் தனி இலை போட்ட வக்கீல் அகம் ஞாபகம் வருகிறது. கொடுக்க வேண்டியதை முன்னாலேயே ஆபீஸில் கட்டிவிட்டு, குழந்தைக்கு ரசீதைக் காட்டினால் போதும். நம் உபநயனத்தில் வடுவைப் பிக்ஷை கேட்க வைக்கிறார்கள். கையேந்துவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இப்போது அந்தப் பிக்ஷைத் தட்டில் வெள்ளி நாணயமும் கவரும் விழுகின்றன, பையன் ஓரக்கண்ணால் கவரை எண்ணுகிறான்.

கடைசியாக நம் சங்க விஷயம். கல்வி நிதியிலிருந்து உதவி பெற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை என்று கமிட்டியில் குறை சொன்னார்கள். கடன் பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்று ஒரு மூத்த அங்கத்தினர் சொன்னார். அவர் ஆதங்கம் நியாயமானது. முப்பத்தாறு வருஷம் பத்திரம் எழுதி வாங்கின நான் அதை ஆதரிக்கவில்லை. பத்திரம் போட்டால் கடைசித் தவணையோடு உறவு தீர்ந்துவிடும், அப்பா நாயுடுகாருக்கு எந்தத் தவணையும் பாக்கி வைக்கவில்லை. உதவி பெறும் பையனுக்கு ஒரு நோட்டைக் கொடுப்போம். எந்த வருஷம், எவ்வளவு, அது எத்தனை குடும்பங்கள் போட்ட பணம் என்று முதல் பக்கத்தில் அவனே எழுதட்டும். மீதிப் பக்கங்கள் அவனுடையவை.

இன்னொன்று. வரும் வருஷத்தில் நிதியிலிருந்து ஒரு மாணவனின் கட்டணத்தையாவது, நம் சமூகம்தானா என்று கேட்காமல் கட்ட வேண்டும் என்று பொதுக்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆட்சேபணை வரும் என்று தெரியும், வந்தால் பதில் சொல்ல நானும் வருவேன். இந்த அறையில் இருக்கிறவர்களில் ஒரு நாயுடுகாருவோ, ஒரு மிஷன் பள்ளி வாத்தியாரோ, ஒரு சாயபு முதலாளியோ குறுக்கே வராமல் மேலே வந்த குடும்பம் எத்தனை என்று ராத்திரி அகத்துக்குப் போய் விசாரித்துப் பாருங்கள்.

புரட்டாசி வருகிறது. நான்கு சனிக்கிழமையும் நம் பிள்ளைகள் நாமம் போட்டுக்கொண்டு, செம்பை எடுத்துக்கொண்டு, கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வருவார்கள். தினம் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வையுங்கள் என்று காஞ்சி மஹாபெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் உங்களில் பலர் அகத்தில் இன்னும் நடக்கிறது. இந்த வருஷம் அந்த அரிசியைப் பெரியவர்கள் தொட வேண்டாம். பிள்ளைகளே எடை போட்டு, எழுதி, எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்து, கொண்டு போய்ச் சேர்க்கட்டும். காலில் செருப்பில்லாமல் தெருத்தெருவாகப் போய் வந்த அரிசி, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஐப்பசியில் கணக்கை இந்த மேடையில் வாசிக்க வேண்டும்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில் நாற்பது நோட்டு வைத்திருக்கிறேன், நீல அட்டை. குழந்தைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பெயர் எழுதும் இடத்தில் அப்பா அம்மா எழுதக் கூடாது. பேனா என்னிடம் இல்லை, அது அவரவர் செலவு.